டும் எங்கே விழுகிறது? எலக்ட்ரானிக் நடன இசைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டப்ஸ்டெப், டிரம் அண்ட் பேஸ். ஏதோ ஒரு செயலியில் இந்தப் பெயர்களைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு டிராக் ஓடவிட்டு, “எல்லாம் ஒரே டும் டும்தானே” என்று மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் காதில் குறை எதுவும் இல்லை. பாட்டு என்றாலே நாம் முதலில் தேடுவது குரல், வரி, மெட்டு, பல்லவி. இந்த இசையில் அவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முக்கியமான சங்கதிகள் எல்லாம் கீழே, தாளத்திலும் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியிலும் நடக்கின்றன. மேலேயே காதை வைத்திருந்தால் ஒன்றும் பிடிபடாது.

அதனால் இந்த வழிகாட்டி பெயர்களிலிருந்து தொடங்கப்போவதில்லை. எந்த டிராக் கேட்டாலும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகம்? ‘டும்’ என்று இடிக்கும் கிக் டிரம் எந்த இடங்களில் விழுகிறது? பேஸ் என்ன செய்துகொண்டிருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், பெயர் தெரியாவிட்டாலும் அது எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தொடங்கும் முன் ஒரே ஒரு நிபந்தனை: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையின் அடித்தளமான சப்-பேஸ் 40, 50 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். போனின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. பேஸ் இல்லாத டப்ஸ்டெப்பைக் கேட்டுவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமில்லை. விலை உயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம், காதில் இறுக்கமாக உட்காரும் சாதாரண இயர்போன் போதும்.

முதல் படி: வேகத்தை எண்ணுங்கள்

வேகத்தின் அளவு பிபிஎம். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி விழுகிறது என்ற கணக்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 விநாடிகளுக்குக் காலைத் தட்டுங்கள், வந்த எண்ணிக்கையை நான்கால் பெருக்குங்கள். 30 தட்டு என்றால் 120 பிபிஎம், விநாடிக்குச் சரியாக இரண்டு அடி.

ஹவுஸ் பொதுவாக 118 முதல் 130 வரை. டெக்னோ 125-க்கு மேலே, இன்றைய கிளப்களில் 145, 150 வரைகூடப் போகிறது. டிரான்ஸ் 130-140. டப்ஸ்டெப் 140. டிரம் அண்ட் பேஸ் 170-க்கு மேல், பெரும்பாலும் 174. ஹார்ட்ஸ்டைல் 150 பக்கம். கேபர் போன்ற ஹார்ட்கோர் வகைகள் அதற்கும் மேலே. இவை சட்டம் அல்ல, பழக்கம். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

எண்ணும்போது ஒரு சிக்கல் வரும். டப்ஸ்டெப்பை எண்ணிப் பார்த்தால் பலருக்கு 70 என்றுதான் வரும். டிரம் அண்ட் பேஸில் டிரம்முக்குத் தட்டினால் 174, பேஸுக்கு ஆடினால் 87. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது எளிது: தாளம் மாறாமல் முதல் காலம், இரண்டாம் காலம் என்று வேகம் மட்டும் இரட்டிப்பாகிறதே, அதுதான். ஒரே டிராக்கில் டிரம் இரண்டாம் காலத்திலும் பேஸ் முதல் காலத்திலும் போய்க்கொண்டிருக்கும். 174 பிபிஎம்மில் ஒருவர் மூச்சிரைக்கக் குதிக்க, பக்கத்தில் இருப்பவர் நிதானமாகத் தலையாட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். இருவரும் சரியாகத்தான் ஆடுகிறார்கள்.

இரண்டாம் படி: கிக் விழும் இடம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்த இசை கிட்டத்தட்ட முழுவதும் நான்கு நான்காக எண்ணப்படுவது. நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார். ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு ஆவர்த்தனம் இரண்டு பார். அந்த நான்கு அடியில் கிக் டிரம், அதாவது அடிவயிற்றில் இடிக்கும் அந்த டும், எங்கே விழுகிறது என்பதை வைத்து நான்கு பெரிய வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நான்கு அடியிலும் கிக். இதற்கு ‘ஃபோர் ஆன் தி ஃப்ளோர்’ என்று பெயர். டும் டும் டும் டும், இடைவெளியில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு ‘ட்ஸ்’ என்று திறந்து மூடும், இரண்டாம் நான்காம் அடியில் கிக்கோடு சேர்ந்து ஒரு கைதட்டல். டிஸ்கோ, ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

இரண்டாம் வகை, பிரேக்பீட். கிக் சீராக விழாது. ஒரு மனிதர் டிரம் செட்டில் உட்கார்ந்து வாசிப்பதுபோல டும்-டக், டுடும்-டக் என்று முன்னும் பின்னும் தள்ளி விழும். ஜங்கிளும் டிரம் அண்ட் பேஸும் இங்கே வரும். டிரம் அண்ட் பேஸின் வழக்கமான அமைப்பு: ஒன்றில் கிக், இரண்டில் ‘டக்’ என்று ஒலிக்கும் ஸ்னேர் டிரம், மூன்றில் கிக் வரும் என்று நாம் காத்திருக்கும்போது அது அரை அடி தாமதித்து வரும், நான்கில் மறுபடி ஸ்னேர். அந்த அரை அடித் தாமதம்தான் அதன் உயிர்.

மூன்றாம் வகை, ஹாஃப்-டைம். ஒன்றில் கிக், மூன்றில் ஸ்னேர், நடுவெல்லாம் வெற்றிடம். டப்ஸ்டெப்பும், டிராப் (trap) என்ற ஹிப்-ஹாப் வகையும் இப்படி. அந்த வெற்றிடம் பேஸ் விளையாடுவதற்கான மைதானம். நான்காவது, டூ-ஸ்டெப். லண்டன் கராஜ் இசையில் வருவது. நான்கு கிக்கில் இரண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் நொண்டுகிற மாதிரி ஒரு துள்ளல் கிடைக்கும். கேட்டால் உடனே தோள் அசையும்.

பயிற்சி: தெரியாத ஒரு டிராக்கை எடுத்து, கிக் விழும்போது மட்டும் மேசையில் தட்டுங்கள். கை ஒரே சீராகப் போனால் முதல் வகை. தடுமாறினால் மற்ற மூன்றில் ஒன்று.

மூன்றாம் படி: மூன்று இயந்திரங்களின் குரல்

மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர்களை எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த மூன்று பெட்டிகளை அடையாளம் தெரிந்தால் போதும், பாதி தூரம் வந்தாயிற்று.

டிஆர்-808, 1980-ல் வந்த டிரம் மெஷின். அதன் கிக் ‘டூம்ம்ம்’ என்று நீண்டு கீழே இறங்கும். இன்று ஹிப்-ஹாப் பாடகர்கள் ‘808’ என்று சொல்வது அந்த நீண்ட பேஸைத்தான். டிஆர்-909, 1983. இதன் கிக் குட்டையானது, முகத்தில் குத்துவது போன்றது. ஹை-ஹாட் பளபளவென்று இருக்கும். ஹவுஸ், டெக்னோ இரண்டுக்கும் முதுகெலும்பு இதுதான்.

மூன்றாவது டிபி-303. இதன் கதை சுவையானது. பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாத கிதார் கலைஞர்கள் தனியாகப் பயிற்சி செய்யட்டும் என்று 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. பேஸ் கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. சுரங்களைப் பதிவு செய்யும் முறையும் தலைவலி. 1984-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. அடிமாட்டு விலைக்குப் பழைய பொருள் கடைகளுக்குப் போன அந்தப் பெட்டிகளில் ஒன்று சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவின் கையில் சிக்கியது. டிஜே பியேரும் நண்பர்களும் சுரங்களை ஏதோ ஒரு விதத்தில் போட்டுவிட்டு, மேலே இருந்த திருகுகளைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். கட்ஆஃப், ரெசனன்ஸ் என்ற அந்த இரண்டு திருகுகளைத் திருகினால் ஒலி கொழகொழவென்று நெளியும், கீச்சிடும், குரைக்கும். அப்படிப் பிறந்ததுதான் 1987-ல் வெளியான ‘ஆசிட் டிராக்ஸ்’. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து கிளம்பியது. முதன்முதலில் சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி அதைப் போட்டபோது ஆட்கள் ஆடாமல் நின்றார்கள் என்றும், அதே இரவில் மறுபடி மறுபடி போட்டு நான்காவது முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது என்றும் சொல்வார்கள்.

இதில் நம் ஊர்ப் பக்கம் ஒரு கிளைக்கதை உண்டு. பம்பாயில் இந்திப் பட இசைக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-லேயே 303, 808, ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர் மூன்றையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் அது மறுபடி வெளியானபோது கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள், அப்படியே ஆசிட் ஹவுஸ் மாதிரி இருந்தது. “ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்” என்று சிலர் கொடி பிடித்தார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. சிகாகோவில் அந்த இசையை உண்டாக்கியவர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்டு அதைச் செய்யவில்லை. ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் 303-இன் தன்மை நம் கமகத்துக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்பதை அவர் முன்பே கேட்டுவிட்டார் என்பது பெரிய விஷயம். தேடிக் கேளுங்கள்.

நான்காம் படி: டிராக்கின் அமைப்பு

“இன்ட்ரோவே ஒன்றரை நிமிஷம், பாட்டு எப்போது வரும்?” என்பது புதியவர்களின் முதல் புகார். அந்த இன்ட்ரோ வீட்டில் கேட்பவருக்காகச் செய்ததல்ல. முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் முடிவோடு அதைப் பொருத்தி, நடனம் நிற்காமல் அடுத்ததற்குப் போக டிஜேக்கு வெறும் தாளம் தேவை. முன்னும் பின்னும் அதற்காக விடப்பட்ட இடம்தான் இன்ட்ரோவும் அவுட்ரோவும். ரேடியோ எடிட்டில் இவை வெட்டப்பட்டிருக்கும், எக்ஸ்டெண்டட் மிக்ஸில் முழுசாக இருக்கும்.

மாற்றங்கள் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார்களுக்கு ஒருமுறைதான் வரும். இதற்கு ஃபிரேஸ் என்று பெயர். 128 பிபிஎம்மில் ஒரு நிமிடத்துக்குச் சரியாக 32 பார். அதனால் 128-ல் இருக்கும் ஒரு டிராக்கைக் கடிகாரத்தோடு கேட்டால் வேடிக்கையாக இருக்கும்: பெரும்பாலும் 15 விநாடிக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று சேரும் அல்லது விலகும், 30-வது விநாடியில் பெரிய மாற்றம் வரும். இது ஒருமுறை காதில் ஏறிவிட்டால் அடுத்த திருப்பம் எப்போது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். கிளப்பில் பழக்கமானவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் கையைத் தூக்குவது அதனால்தான்.

பாதி வழியில் கிக்கும் பேஸும் காணாமல் போய் மெட்டு மட்டும் மிதக்கும், அது பிரேக்டவுன். பிறகு ஸ்னேர் அடி நெருங்கி நெருங்கி, ஏதோ ஓர் ஒலி மேலே மேலே ஏறும், அது பில்ட்-அப். மேலே ஏறும் அந்த இரைச்சலுக்கு ரைசர் என்று பெயர். உச்சியில் ஒரு கணம் எல்லாம் நின்று, கிக்கும் பேஸும் மொத்தமாகத் திரும்ப விழும் இடம் டிராப். டிராப்பின் வலிமை அதில் உள்ள சத்தத்தில் இல்லை. அதற்கு முன்னால் பேஸை எவ்வளவு நேரம் பிடித்துவைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடுவோம்: சைட்செயின். கிக் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற ஒலிகள் சட்டென்று அமுங்கி மறுபடி எழும்படி செய்யும் உத்தி. பாட்டே மூச்சு விடுவது போலத் தோன்றும். கிக்குக்கு இடம் விடுவதற்காக வந்த தொழில்நுட்பம், இப்போது அந்த ஏற்ற இறக்கமே ஒரு ருசியாகிவிட்டது.

ஐந்தாம் படி: ஊர் ஊராக ஒரு சுற்று

இனிமேல் பெயர்கள். ஒவ்வொரு வகையும் ஏதோ ஓர் ஊரின், சில சமயம் ஒரே ஒரு கிளப்பின், தேவைக்காக உருவானது என்பதை மறக்காமல் படித்தால் பெயர்கள் தானாக மனதில் நிற்கும்.

டிஸ்கோவிலிருந்து தொடங்கலாம். 1977-ல் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் மியூனிக்கில் பாடகி டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ பாடலை, கிக் டிரம்மையும் குரலையும் தவிர்த்து, கிட்டத்தட்ட முழுவதும் சிந்தசைசரிலேயே செய்தார். அதன் பிறகு நடன இசைக்கு இசைக்குழு வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் போனது. ஆனால் அமெரிக்காவில் டிஸ்கோ மீது வெறுப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு ரேடியோ அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அடுத்த ஆட்டமே கைவிடப்பட்டது. டிஸ்கோவைப் பெருமளவு உருவாக்கியவர்கள் கறுப்பினத்தவரும், லத்தீன் மக்களும், தன்பாலின ஈர்ப்பாளர்களும் என்பதால், அந்த வெறுப்பு இசையின் மீது மட்டும்தானா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது.

அதே சிகாகோவில், 1977-ல் திறந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோவை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். புதிய டிஸ்கோ தட்டுகள் வருவது குறைந்தபோது பழையதை வெட்டி ஒட்டி நீட்டினார், கீழே டிரம் மெஷினைச் சேர்த்தார். வேர்ஹவுஸில் போடும் இசை என்பதுதான் ‘ஹவுஸ்’ ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் போட்ட தட்டை முதல் ஹவுஸ் தட்டு என்று பலர் குறிப்பிடுவார்கள்.

ஹவுஸை அடையாளம் காண: 120 பிபிஎம்மை ஒட்டிய வேகத்தில் நான்கு அடியிலும் கிக், கைதட்டல், பியானோ அல்லது ஆர்கனில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), தேவாலயப் பாடகர் போன்ற ஒரு குரல். உள்பிரிவுகள் ஏராளம். டீப் ஹவுஸ் என்றால் மென்மை, ஜாஸ் சாயல். டெக் ஹவுஸ் என்றால் டெக்னோவின் வறட்சியும் ஹவுஸின் ஆட்டமும். புரோகிரெசிவ் ஹவுஸ் மெதுவாக வளர்ந்துகொண்டே போவது.

டெக்னோ டெட்ராய்ட்டில் பிறந்தது. கார் தொழில் தேய்ந்துகொண்டிருந்த நகரம். அதன் புறத்தே உள்ள பெல்வில் ஊரில் ஒரே பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் இரவு ரேடியோவில் ஜெர்மனியின் எலக்ட்ரானிக் இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க் இசையையும் மாறி மாறிக் கேட்டு வளர்ந்த கறுப்பின இளைஞர்கள். இரண்டும் சேர்ந்து வந்ததுதான் இது. 1988-ல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு ‘டெக்னோ’ என்ற பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது.

அப்புறம் பெர்லின். 1989 நவம்பரில் சுவர் விழுந்ததும் கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெரியாத கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 1991-ல் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் டிரெசோர் கிளப் திறந்தது. டெட்ராய்ட் டிஜேக்கள் வரிசையாக அங்கே வந்தார்கள். கிழக்கும் மேற்குமாகப் பிரிந்திருந்த இளைஞர்கள் ஒன்றாக ஆடியது அந்த இருட்டறைகளில்தான். 2024-ல் ஜெர்மனி பெர்லின் டெக்னோவை, யுனெஸ்கோ உடன்படிக்கையின்கீழ் தான் வைத்திருக்கும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நிலவறையிலிருந்து அரசுப் பட்டியலுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள்.

டெக்னோவை அடையாளம் காண: குரல் அரிது, மெட்டு குறைவு, கிக் இருட்டாகவும் கனமாகவும் இருக்கும். ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வந்து, கவனித்தால் மட்டும் தெரியும்படி கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பத்து நிமிடம் பொறுமை வேண்டும். ஒரு ராகத்தை அவசரப்படாமல் விரிக்கும் ஆலாபனையைக் கேட்டுப் பழகிய காதுக்கு டெக்னோ நினைப்பதைவிட எளிதாகப் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

டிரான்ஸ் நேரெதிர். மெட்டுதான் அங்கே ராஜா. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃபிராங்க்பர்ட்டில் உருவாகி, பின்னர் நெதர்லாந்துக்காரர்கள் கையில் பெரிதானது. ஆர்மின் வான் பியூரன், டியெஸ்டோ போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். டியெஸ்டோ 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே வாசித்தார். நீண்ட பிரேக்டவுன், கண்ணீர் வரவழைக்கப் பார்க்கும் கார்டுகள், ரோலண்டின் ஜேபி-8000 தந்த ‘சூப்பர்சா’ என்ற அகன்ற ஒலி: இவை அடையாளம். கொஞ்சம் நாடகத்தனம் உண்டு, எனக்கு அது பிடிக்கும்.

இதன் கிளை கோவா டிரான்ஸ். அஞ்சுனா கடற்கரையில் ஹிப்பிகள் விடிய விடிய நடத்திய விருந்துகளில் உருவானது. கோவா கில் என்று அறியப்பட்ட அமெரிக்கர் அதன் முக்கிய முகம், 2023-ல் காலமானார். அதிலிருந்து வளர்ந்த சைடிரான்ஸ் இன்று இஸ்ரேல் முதல் பிரேசில் வரை பரவியிருக்கிறது. கிக்குகளுக்கு நடுவே பேஸ் தகதகதகவென்று உருண்டுகொண்டே இருந்தால் அது சைடிரான்ஸ்.

இப்போது பிரிட்டன். ஆசிட் ஹவுஸ் 1988-ல் அங்கே போய்ச் சேர்ந்ததும் வயல்வெளிகளிலும் காலிக் கிடங்குகளிலும் ரேவ் எனப்படும் இரவு விருந்துகள் வெடித்தன. அரசாங்கம் மிரண்டு 1994-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. திரும்பத் திரும்ப வரும் தாளம் கொண்ட ஒலி என்று அந்தச் சட்டத்தில் இசைக்கு வரையறை எழுதி வைத்திருந்தார்கள். ரேவில் ஹவுஸோடு வேகமாக்கப்பட்ட பிரேக்பீட்டும் கரீபியப் பின்னணி கொண்டவர்களின் ரெக்கே பேஸும் கலந்து ஜங்கிள் பிறந்தது. பின்னர் அது டிரம் அண்ட் பேஸ் ஆனது.

இந்த இசையின் முக்கியமான விதை சுமார் ஏழு விநாடி நீளமுள்ள ஒரு டிரம் துணுக்கு. வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் குழு 1969-ல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாடலில் மற்றவர்கள் நிறுத்த, கிரெகரி கோல்மன் மட்டும் நான்கு பார் வாசிக்கிறார். ஆமென் பிரேக் என்று பெயர் பெற்ற அதைச் சாம்பிள் எடுத்து, அதாவது பதிவிலிருந்து அப்படியே நகலெடுத்து, வேகமாக்கி, துண்டு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கி, ஆயிரக்கணக்கான டிராக்குகள் உருவாயின. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு ராயல்டி வந்ததில்லை. 2006-ல் அவர் இறந்தார். முதலில் மூலப் பாடலைக் கேளுங்கள், பிறகு 1990-களின் ஏதாவது ஒரு ஜங்கிள் டிராக்கைக் கேளுங்கள். அதே டிரம்மை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

கராஜ் என்ற பெயர் நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பிலிருந்து வந்தது. டிஜே லாரி லெவன் அங்கே போட்ட குரல்வளம் மிகுந்த இசையை லண்டன் வேகமாக்கித் தனதாக்கிக்கொண்டது. அந்த லண்டன் கராஜிலிருந்து குரலை எடுத்துவிட்டு, இருட்டாக்கி, பேஸை மட்டும் முன்னால் நிறுத்தியது 2000-களின் தொடக்கத்து டப்ஸ்டெப். தெற்கு லண்டனின் கிராய்டனில் பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றியிருந்த பதின்ம வயதுப் பையன்கள்தான் அதை வளர்த்தவர்கள். ஸ்கிரீம், பெங்கா இருவரும் அந்தக் கூட்டம். 2010 வாக்கில் அமெரிக்காவில் ஸ்கிரில்லெக்ஸ் மூலம் பிரபலமான, பேஸ் கிழிந்து அலறும் டப்ஸ்டெப் வேறு வகை. மூலத்தை விரும்புகிறவர்கள் அதைக் கிண்டலாக ‘புரோஸ்டெப்’ என்பார்கள். முதலில் பழையதைக் கேட்டுவிட்டு அப்புறம் புதியதற்கு வாருங்கள்.

இடிஎம், அதாவது எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், என்ற சொல்லால்தான் அதிகம் குழப்பம். எழுத்துப்படி பார்த்தால் மேலே சொன்ன எல்லாமே இடிஎம்தான். ஆனால் 2010-க்குப் பிறகு பெரிய விழா மேடைகளில், தீப்பொறிகளோடு வரும் ஒருவகை பாப் கலந்த ஹவுஸுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெல்ஜியத்தின் டுமாரோலேண்ட் விழாவும் 2007-ல் கோவாவில் தொடங்கிய சன்பர்ன் விழாவும் அதை உலகம் முழுக்க அறிமுகம் செய்தவற்றில் சில. ஒரு டெக்னோ ரசிகரிடம் “நீங்கள் இடிஎம் கேட்பீர்களா?” என்று கேட்டால் முகம் சுளிப்பது அதனால்தான். பொருட்படுத்த வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் அமாபியானோவையும் தவறவிடாதீர்கள். 110-115 பிபிஎம்தான், ‘லாக் டிரம்’ என்ற மரக்கட்டைத் தொனி கொண்ட பேஸ் அதன் உயிர். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்தவற்றில் எனக்கு மிகப் புதியதாகப் பட்டது இதுதான். அப்புறம், எந்த வகையிலும் அடங்காத பாடகி எம்.ஐ.ஏ. ஈழத்துக் குடும்பத்திலிருந்து லண்டனில் வளர்ந்தவர், 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தன் தந்தையின் பெயரால் ‘அருளர்’ என்று தலைப்பிட்டவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியில் பாட்டு கட்டத் தொடங்கியவர்.

ஆறாம் படி: டிஜே பேசும் சொற்கள்

இங்கே புரொட்யூசர் என்றால் இசையைச் செய்பவர், பணம் போடுபவர் அல்ல. டிஜே அந்த இசையைத் தேர்ந்தெடுத்துக் கோத்துப் போடுபவர். இருவரும் ஒருவராகவே இருக்கலாம், ஆனால் வேலை வேறு.

இரண்டு டிராக்குகளின் வேகத்தையும் அடியையும் ஒன்றாக்குவது பீட்மேட்சிங். காதிலேயே கேட்டுச் செய்வது ஒரு காலத்தில் அடிப்படைத் தகுதி, இப்போது சிங்க் பொத்தான் செய்துவிடும். “சிங்க் போடுகிறவன் டிஜேயா?” என்ற சண்டை முடிவில்லாதது. என்னைக் கேட்டால், எந்த டிராக்குக்குப் பிறகு எது என்ற தேர்வுதான் கடினம், அதற்குப் பொத்தான் இல்லை. அடுத்த டிராக்கை ஹெட்போனில் மட்டும் கேட்டுத் தயார் செய்வது க்யூ. பேஸ், நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது ஈக்யூ. இரண்டு டிராக்கின் பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் சேறாகிவிடும் என்பதால் ஒன்றைக் குறைத்துத்தான் மற்றதை ஏற்றுவார்கள். நல்ல மிக்ஸில் அந்தக் கைமாற்றத்தைக் கேட்கலாம்.

டிஜே தொடர்ச்சியாக வாசிக்கும் நேரம் செட். இருவர் மாறி மாறி வாசித்தால் பி-டு-பி. ஒரு கிளப்பில் வாரம்தோறும் வாசிப்பவர் ரெசிடென்ட். டிராக் பட்டியலில் ‘ஐடி’ என்று போட்டிருந்தால், இன்னும் வெளியாகாதது அல்லது பெயர் தெரியாதது என்று பொருள். ரீமிக்ஸ் என்றால் மூலப் பாட்டின் பகுதிகளை முறையாக வாங்கிப் புதிதாகச் செய்தது, எடிட் என்றால் இருப்பதையே வெட்டி நீட்டியது, பூட்லெக் என்றால் அனுமதி வாங்காமல் செய்தது, மேஷப் என்றால் ஒன்றின் குரலை இன்னொன்றின் இசைமேல் வைத்தது. விஐபி என்று பார்த்தால், அதே கலைஞர் தன் டிராக்குக்குத் தானே செய்த மறுவடிவம்.

ஏழாம் படி: கேட்கத் தொடங்குங்கள்

தனித்தனி டிராக்குகளை ஷஃபிளில் போட்டுக் கேட்பது இந்த இசைக்கு ஒத்துவராது. ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்றை எடுத்து, நடந்துகொண்டோ வீட்டு வேலை செய்துகொண்டோ முழுதாகக் கேளுங்கள். உட்கார்ந்து உற்றுக் கேட்பதைவிட உடம்பு அசையும்போது இது சீக்கிரம் புரியும். ஹவுஸில் தொடங்குங்கள், எண்ணுவதற்கு எளிது. பிறகு டெக்னோ, பிறகு லண்டன் கராஜ், அதன் பிறகு டிரம் அண்ட் பேஸ். கிக் சீராக விழுவது பழகிய பிறகு கேட்டால்தான் அது தடுமாறும் இடத்தின் இன்பம் தெரியும். பிடித்த டிராக் கிடைத்தால் அதை வெளியிட்ட லேபிளின், அதாவது இசை நிறுவனத்தின், பெயரைப் பாருங்கள். இந்த உலகில் கலைஞரைவிட லேபிளைப் பின்தொடர்ந்தால் ஒரே ருசியுள்ள பத்துப் பேர் கிடைப்பார்கள்.

நேரில் கிளப்புக்கோ விழாவுக்கோ போகிறீர்கள் என்றால் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். பணியிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரைதான் என்கிறது. 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான், கிளப்புகளில் அந்தச் சத்தம் சர்வ சாதாரணம். பஞ்சு வைத்தால் உச்ச ஒலிகள் மட்டும் மங்கும். இசைக்கென்றே செய்த அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். ஸ்பீக்கருக்கு நேர்முன்னே நிற்காமல், டிஜே மேசைக்கு எதிரே கொஞ்சம் பின்தள்ளி நடுவில் நின்றால் பேஸும் தெளிவாகக் கேட்கும்.